கட்டுரை நோட்டுல எழுத்துப்பிழைக்கு எப்படி மார்க் போடுறது

ஒரே கட்டுரையை ரெண்டு தமிழய்யாகிட்ட குடுத்து திருத்தச் சொல்லுங்க, ஒருத்தர் பத்துக்கு எட்டு போடுவாரு, இன்னொருத்தர் நாலு போடுவாரு, ரெண்டு பேரும் நல்லாத்தான் திருத்தியிருப்பாங்க. வித்தியாசம் எங்க வருதுனு பாத்தா முக்காவாசி நேரம் எழுத்துப்பிழைலதான். ஒருத்தர் வட்டம் போட்டுட்டு விட்டுடுவாரு, இன்னொருத்தர் வட்டத்துக்கு அரை மார்க்னு கழிச்சுக்கிட்டே போவாரு. பிள்ளைக்கு ரெண்டுமே புரியாது. அதனால பேப்பர் கட்டை பிரிக்கிறதுக்கு முன்னாடியே பிழைக்கு எவ்வளவு வெயிட்னு ஒரு முடிவுக்கு வரணும், கட்டு பாதி போனதுக்கு அப்புறம் முடிவெடுத்தா முதல் இருபது பேருக்கு ஒரு நியாயம் கடைசி இருபது பேருக்கு ஒரு நியாயம்னு ஆயிடும்.

நான் சொல்லப்போறது ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் தமிழ் எடுக்கிறவங்களுக்கு, குறிப்பா புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு. பொதுத்தேர்வு பேப்பர் திருத்துறப்ப கேம்ப்ல குடுக்குற விடைக்குறிப்புதான் சட்டம், அங்க நம்ம சொந்த ரூல் எதுவும் செல்லாது. இது கிளாஸ் டெஸ்ட், கட்டுரை நோட்டு, மாதத் தேர்வு மாதிரி நம்ம கைல இருக்கிற விஷயத்துக்கு மட்டும்.

முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கணும், தமிழ்ல எழுத்துப்பிழை எல்லாம் ஒரே ஜாதி இல்ல. பிள்ளை "வன்டி"னு எழுதுறதும் "கினறு"னு எழுதுறதும் பாக்க ஒரே மாதிரி மூணுசுழி ரெண்டுசுழி பிரச்சனைதான், ஆனா ரெண்டும் வேற வேற. ட-வுக்கு முன்னாடி எப்பவும் மூணுசுழி ண் தான் வரும், ற-வுக்கு முன்னாடி ரெண்டுசுழி ன் தான் வரும், த-வுக்கு முன்னாடி ந் தான் வரும். வண்டி, கன்று, பந்து. இது ரூல். ஒரு பீரியட்ல சொல்லிக்குடுத்துடலாம், அந்த எழுத்துங்களோட பேருலயே இருக்கு, டண்ணகரம், றன்னகரம், தந்நகரம்னு. ஆறாவது ரெண்டாம் பருவத்துல, ஒரே மாதிரி கேக்குற எழுத்துங்களப் பத்தி மயங்கொலிகள்னு பாடமே வச்சிருக்காங்க. ஆனா கிணறுல ஏன் மூணுசுழினு கேட்டா ஏழாவது பிள்ளைக்கு சொல்ற மாதிரி ரூல் எதுவும் நம்மகிட்ட கிடையாது, பாத்துப் பாத்து மனசுல பதியணும், அவ்வளவுதான். அப்ப ரூல் இருந்தும் தப்பு பண்றவனையும், கண்ணுல அந்த வார்த்தை அதிகம் படாததால தப்பு பண்றவனையும் ஒரே தட்டுல வைக்கலாமா?

காதால கேட்டு கண்டுபிடிச்சிருக்கலாமேனு சிலர் சொல்வாங்க. எங்க கேக்குது? ண-வும் ன-வும் நம்மள்ல பாதிப்பேர் வாயில ஒண்ணுதான், ந-வும் ன-வும் கேக்கவே வேணாம். ர, ற-வும் அப்படித்தான், குமரி மாவட்டத்துலயும் ஈழத்துலயும் ற்ற-வை இன்னும் தனியா சொல்றவங்க இருக்காங்க, மத்த எடத்துல வாத்தியாரே ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றாரு. ழ பத்தி பேசவே வேணாம், மதுரைப் பக்கம் வாளப்பளம், சென்னைல வாயப்பயம். வீட்டுல வாளப்பளம்னு பேசுற பிள்ளை நோட்டுல வாழைப்பழம்னு சரியா எழுதுதுனா அது உண்மைல பெரிய சாதனை, அதுக்கு நாம ஒரு ரைட்டு கூட போடுறது இல்ல.

சரி, நான் பிழைகளை எப்படி பிரிச்சுக்குறேன்னு சொல்றேன். மயங்கொலிப் பிழை ஒரு வகை, அதுக்குள்ளயே ர-ற, ன-ண-ந, ல-ள-ழ னு மூணு. ஒற்றுப்பிழை இன்னொரு வகை, அதாவது புள்ளி வச்ச எழுத்து கூட வர்றது இல்ல விட்டுப்போறது. குறில் நெடில் பிழை, கொம்பு சுழி துணைக்கால் குழப்பம். அப்புறம் சந்திப்பிழை, அதாவது ரெண்டு வார்த்தை சேர்ற எடத்துல வர்ற க், ச், த், ப் விட்டுப்போறது இல்ல தேவையில்லாம வர்றது. இதுல எதுலயும் சேராத ஒண்ணு பேச்சுவழக்கு, "இருந்துச்சு", "போனாங்க", "பயமா" மாதிரி. இந்த கடைசிய நிறைய பேர் எழுத்துப்பிழைனு வட்டம் போடுறாங்க, அது எழுத்துப்பிழையே இல்ல, பிள்ளை அந்த வார்த்தைய கேட்டபடி சரியாத்தான் எழுதியிருக்கு, எந்த இடத்துல எந்த நடைனு தெரியல, அதை நடைக்குனு வச்சிருக்கிற மார்க்ல பாத்துக்கணும். உரையாடல்ல மேற்கோள் குறிக்குள்ள வந்துச்சுனா தப்பே கிடையாது.

ஒற்றுப்பிழைய மட்டும் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா மார்க் கழிக்கிறதுக்கு இதுதான் ரொம்ப நியாயமான இடம். "முயற்ச்சி", "பயிற்ச்சி", "அதற்க்கு", "கட்ச்சி", "வெட்க்கம்" எல்லாம் தனித்தனி தப்பு மாதிரி தெரியும், ஆனா அத்தனையும் ஒரே தப்பு. ட், ற் ரெண்டுக்கும் பின்னாடி இன்னொரு புள்ளி எழுத்து வராது. முடிஞ்சுது. முயற்சி, பயிற்சி, அதற்கு, கட்சி, வெட்கம். ய், ர், ழ் மூணுக்கும் பின்னாடி வரும், வாய்ப்பு, பார்த்தான், வாழ்க்கை. அதனால "வாழ்கை"னு எழுதுறவனுக்கும் "முயற்ச்சி"னு எழுதுறவனுக்கும் இந்த ரெண்டு வரிய போர்டுல எழுதிப்போட்டு ஒரு வாரம் அழிக்காம விட்டா போதும், அதுக்கப்புறமும் வந்தா தாராளமா மார்க் குறைங்க, யாரும் கேக்க முடியாது.

சந்திப்பிழை இதுக்கு நேர் எதிர். வல்லினம் மிகும் இடம் மிகா இடம் எல்லாம் விரிவா வர்றது ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்துல. ஆறாவது படிக்கிற பிள்ளை "வீட்டிற்கு சென்றேன்"னு எழுதினதுக்கு ச் விட்டுட்டானு மார்க் கழிக்கிறது, இன்னும் நடத்தாத பாடத்துல டெஸ்ட் வைக்கிற மாதிரி. எட்டாவது வரைக்கும் சந்திக்கு பென்சில்ல ஒரு சின்ன குறி மட்டும் போதும், பாத்துப் பழகட்டும், மார்க்ல கை வைக்க வேணாம். ஒன்பது பத்துலயும் எல்லாத்தையும் ஒண்ணா பிடிக்காதீங்க, "ஐ"யும் "கு"வும் வந்தா மிகும்ங்கறது (புத்தகத்தைப் படித்தேன், கடைக்குப் போனேன்), அந்த இந்த எந்த-வுக்கு அப்புறம் மிகும்ங்கறது, இந்த ரெண்டை முதல்ல கணக்குல எடுத்துக்கிட்டு மத்ததை நடத்தி முடிச்சதுக்கு அப்புறம் சேத்துக்கலாம். நியூஸ் சேனல் கீழ ஓடுற எழுத்துலயே சந்தி விட்டுப்போகுது, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகிட்ட மட்டும் ஏன் இவ்வளவு கோவம்னு எனக்கு எப்பவும் தோணும்.

இப்ப ஒரு மாதிரி கட்டுரைய வச்சு பாப்போம். ஏழாம் வகுப்பு, தலைப்பு கோடை விடுமுறை, பத்து மார்க்னு வச்சுக்குங்க. அதுல ஒரு பத்தி இது.

"நான் கோடை விடுமுரையில் பாட்டி வீட்டிர்க்கு சென்றேன். அங்கு ஒரு பெரிய கினறு உல்லது. கினற்றில் தன்னீர் நிரைய இருந்தது. மாமா எனக்கு நீச்சல் பயிற்ச்சி கொடுத்தார். முதலில் பயமா இருந்துச்சு. பிறகு நான் கினற்றில் குதித்தேன். என் தங்கை கரையில் நின்று கை தட்டினால்."

மொத்தம் 33 வார்த்தை. வட்டம் போட ஆரம்பிச்சா 13 வட்டம் விழும், வீட்டிர்க்கு-வுக்கு அப்புறம் விட்டுப்போன ச்-சையும் சேத்து. வட்டத்துக்கு அரை மார்க்னு கழிச்சா ஆறரை போச்சு, மிச்சம் மூணரை. கிணத்துல குதிச்சதையும் தங்கச்சி கை தட்டுனதையும் அழகா வரிசையா சொன்ன பிள்ளைக்கு மூணரை, அதே கிளாஸ்ல கோனார் உரைய பாத்து அப்படியே மனப்பாடம் பண்ணி எழுதின பிள்ளைக்கு ஒம்பது. அடுத்த தடவை இந்தப் பிள்ளை கிணறு பக்கமே போகாது, தெரிஞ்ச பத்து வார்த்தைய வச்சு நாலு வரி எழுதிட்டு பேனாவ மூடிடும். ரொம்பக் கடுசா திருத்துற கிளாஸ்ல கட்டுரை எல்லாம் சின்னதாகிக்கிட்டே வர்றதுக்கு இதுதான் காரணம்.

அதே பத்திய வேற மாதிரி எண்ணிப் பாருங்க. சந்தி ஏழாவதுக்கு கணக்குல இல்ல, ஒண்ணு போச்சு. பயமா, இருந்துச்சு ரெண்டும் நடை, அதுவும் போச்சு. கினறு மூணு தடவை வந்திருக்கு, ஒரே வார்த்தைய எத்தனை தடவை தப்பா எழுதினாலும் ஒரு தப்புதான், அப்ப ரெண்டு குறையுது. மிச்சம் 8 வார்த்தை. அதுல விடுமுறை, நிறைய, வீட்டிற்கு மூணும் ர-ற. வீட்டிர்க்கு-ல க் ஒண்ணு கூட இருக்கேனு தனியா இன்னொரு தப்பு எண்ணிடாதீங்க, அந்தப் பிள்ளை ர்-னு நினைச்சதால பார்க்க, தீர்க்க மாதிரி பின்னாடி க் போட்டிருக்கு, அவன் கணக்குல அது சரி, ற் வந்துட்டா க் தானா போயிடும். கிணறு, தண்ணீர் ரெண்டும் ன-ண. உள்ளது, தட்டினாள் ரெண்டும் ல-ள. பயிற்சி ஒண்ணு மட்டும் ஒற்று. ஆக பதிமூணு வட்டம்னு பயமுறுத்துனது நாலே நாலு விஷயம்.

இப்ப மார்க். பத்துல ரெண்டு மார்க்க எழுத்துக்குனு ஒதுக்கி வச்சிருங்க, எவ்வளவு பிழை வந்தாலும் இந்த ரெண்டுக்கு மேல கழிக்கக் கூடாது, இதுதான் மொத்தத்துலயும் முக்கியமான ரூல். ஒரு வகைல ரெண்டு வார்த்தை இல்ல அதுக்கு மேல தப்பா இருந்தா அரை மார்க் குறையும், ஒரே ஒரு வார்த்தைனா வட்டம் மட்டும். இந்தப் பிள்ளைக்கு ர-ற, ன-ண, ல-ள மூணு வகைக்கு ஒண்ணரை போச்சு, ஒற்று தப்பிச்சுது, எழுத்துக்கு அரை மார்க். மிச்ச எட்டுல கருத்துக்கும் அமைப்புக்கும் நடைக்கும் நீங்க எவ்வளவு போடுறீங்களோ அது. மொத்தம் ஆறோ ஆறரையோ வரும், அந்தக் கட்டுரைக்கு அது சரியான மார்க்தான்.

நீளத்தையும் பாக்கணும், இத யாரும் பாக்குறதே இல்ல. ஒரு பிள்ளை 40 வார்த்தை எழுதி 4 தப்பு, இன்னொரு பிள்ளை 200 வார்த்தை எழுதி 8 தப்பு. வட்டத்த எண்ணினா ரெண்டாவது பிள்ளைதான் மோசம். ஆனா முதல் பிள்ளை பத்து வார்த்தைக்கு ஒண்ணு தப்பு பண்ணியிருக்கு, ரெண்டாவது பிள்ளை இருபத்தஞ்சு வார்த்தைக்கு ஒண்ணு. ஒவ்வொரு பேப்பருக்கும் கால்குலேட்டர் எடுக்கணும்னு சொல்லல, பக்கத்த பாத்தாலே தெரியும், ரெண்டு பக்கம் எழுதின பிள்ளைக்கு ஒரு வகைல மூணு நாலு வார்த்தை தப்பு வர்ற வரைக்கும் விட்டுக்குடுங்க.

கைத்தவறுக்கும் தெரியாமைக்கும் வித்தியாசம் பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு, அதே வார்த்தை அதே கட்டுரைல வேற எடத்துல சரியா இருக்கானு தேடுங்க. மூணு எடத்துல பள்ளினு சரியா எழுதிட்டு நாலாவது எடத்துல பல்லினு எழுதியிருந்தா அது அவசரம், வட்டம் கூட வேணாம், ஒரு கோடு போதும். நாலு எடத்துலயும் பல்லினா அவனுக்கு நிஜமாவே தெரியல. பேப்பர் வாங்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேனாவ கீழ வைக்கச் சொல்லி கடைசி வரில இருந்து மேல மேல ஒவ்வொரு வரியா படிக்கச் சொல்லுங்க, மேல இருந்து படிச்சா கதை இழுத்துக்கிட்டுப் போயிடும் எழுத்து கண்ணுல படாது, கீழ இருந்து படிச்சா கைத்தவறு பாதி அங்கயே போயிடும். அதுக்கப்புறம் மிச்சம் இருக்கிற தப்புக்கு மார்க் கழிக்கிறதுல ஒரு நியாயம் இருக்கு.

பொருள் மாறுற பிழைய கொஞ்சம் கடுமையா பாக்கலாமானு கேப்பாங்க. பாக்கலாம், ஆனா படிக்கிறவங்க நிஜமாவே தடுமாறுற எடத்துல மட்டும். "தங்கை கை தட்டினால்"னு இருந்தா, தட்டினா அப்புறம் என்ன ஆகும்னு நாம அடுத்த வரிய தேடுவோம், அங்க வாக்கியமே உடையுது. "கரை நல்லது"னு சோப்பு பத்தி எழுதினா கறைனு நமக்கே புரிஞ்சுடும். அதே மாதிரி "பனி செய்தார்", "மணம் வருந்தினார்" எல்லாம் சிரிப்பு வரும், ஆனா அர்த்தம் தொலையல. தொலைஞ்ச எடத்துக்கு மட்டும் ஒரே வார்த்தையா இருந்தாலும் அரை மார்க்.

அப்புறம் சண்டை வர்ற வார்த்தைங்க. கோயிலா கோவிலா, பவளமா பவழமா, கருப்பா கறுப்பா, எழுத்துகளா எழுத்துக்களா, இயக்குநரா இயக்குனரா, ராமனா இராமனா, வருஷமா வருசமா. ஸ்டாஃப் ரூம்ல டீ ஆறிப்போற வரைக்கும் இது ஓடும். என் கட்சி என்னன்னா, பாடப்புத்தகத்துல எப்படி இருக்கோ அப்படிச் சொல்லிக்குடுங்க, ஆனா இன்னொரு வடிவத்த எழுதினா ஒரு புள்ளி கூட கழிக்காதீங்க, அந்தப் பிள்ளை அதை தெருவுல போர்டுலயோ பேப்பர்லயோ பாத்துத்தான் எழுதியிருக்கும். அனுப்புநர், பெறுநர் மட்டும் விதிவிலக்கு, கடிதம் எழுதுறதுல அது தினம் வர்ற வார்த்தை, ந போட்டுத்தான் பழக்கணும். உங்க பள்ளில இருக்கிற தமிழாசிரியர் எல்லாரும் சேந்து இந்த மாதிரி ஒரு முப்பது வார்த்தைக்கு எது எது ரெண்டும் சரினு ஒரு ஷீட் எழுதி பீரோ கதவு உள்பக்கம் ஒட்டி வச்சுட்டா, ஏழாவதுல சரினு வாங்கினத எட்டாவதுல தப்புனு வாங்குற கொடுமை பிள்ளைக்கு வராது. சந்தேகம்னா க்ரியா அகராதிய எடுத்துப் பாருங்க, இன்னைக்கு புழக்கத்துல இருக்கிற வடிவம் எதுனு அதுல தெரிஞ்சிடும்.

பழைய எழுத்துல எழுதுற பிள்ளைங்களும் எப்பவாவது ஒண்ணு ரெண்டு வரும், வீட்டுல தாத்தாவோ பாட்டியோ உக்காந்து சொல்லிக்குடுத்திருப்பாங்க, லை னை எல்லாம் தும்பிக்கை போட்டு எழுதும். 1978-ல அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்ததுக்கு முன்னாடி எல்லாரும் எழுதினது அதுதான். அது பிழை கிடையாது, பக்கத்துல புது வடிவத்த எழுதிக் காட்டிட்டு விட்டுடுங்க.

வேற தாய்மொழிப் பிள்ளைங்கள தனியா பாக்கணும். திருப்பூர், கோயமுத்தூர்ப் பக்கம் ஹிந்தி பேசுற குடும்பத்துப் பிள்ளைங்க இப்ப அரசுப் பள்ளில நிறைய படிக்கிறாங்க. ஹிந்தில குறில் எ, குறில் ஒ கிடையாது, அதனால "கோடுத்தான்", "பேரிய"னு வரும், கவனக்குறைவு இல்ல, அவங்க காதுக்கு அந்த வித்தியாசம் புதுசு. நம்ம எழுத்துலயே ஒரு காலத்துல எ-வுக்கு புள்ளி வச்சுத்தான் ஏ-ல இருந்து பிரிச்சாங்க, ஓலைல அந்தப் புள்ளியும் பல சமயம் இருக்காது, வீரமாமுனிவர் வந்து ரெட்டைக்கொம்ப கொண்டு வந்து பிரிச்சுக் காட்டினாருனு சொல்வாங்க. அப்ப இந்த ஒரு வகைய மட்டும் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் மார்க்ல சேக்காம இருக்கலாம், ஆனா வட்டம் போடுங்க, இல்லனா கடைசி வரைக்கும் தெரியாமலே போயிடும். எழுத்து இடம் மாறுறது, போர்டுல இருக்கிறத பாத்து எழுதும்போதே தப்பு வர்றது, வாயால கேட்டா பிரமாதமா சொல்லிட்டு எழுதச் சொன்னா உக்காந்துடுறது, இது எல்லாம் தொடர்ந்து இருந்தா டிஸ்லெக்ஸியாங்கற கற்றல் குறைபாடா இருக்கலாம், நாம முடிவு பண்ண வேணாம், எச்எம்கிட்டயும் பெத்தவங்ககிட்டயும் சொல்லி சிறப்பு ஆசிரியர பாக்க வைங்க. பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், எழுதறவர் வச்சுக்குறதுனு சலுகை எல்லாம் இருக்கு, அதுக்கு சான்றிதழ் வாங்கணும், பத்தாவது வந்ததுக்கு அப்புறம் ஓடுனா லேட்.

சின்ன கிளாஸ் எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணும் எழுத்தும்ங்கற அரசுத் திட்டத்துல பிள்ளைங்கள அவங்க கத்துக்கிட்ட அளவ வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சிருக்காங்க இல்ல, அரும்புல இருக்கிற பிள்ளை வாக்கியமா எழுதினதே பெருசு, அங்க ல-ள-ழ வேட்டைக்குப் போகாதீங்க. சொல்வதை எழுதுதல்ல மட்டும் எழுத்த பாருங்க, அதுக்குத்தானே அந்த டெஸ்ட்டே. டிக்டேஷன் போடும்போது "தண்ண்ணீர், மூணுசுழி"னு இழுத்துச் சொல்லிட்டு எல்லாரும் பத்துக்குப் பத்துனு சந்தோஷப்படுறதுல அர்த்தம் இல்ல, சாதாரணமா பேசுற மாதிரி ஒரு தடவை வார்த்தை, ஒரு தடவை அது வர்ற வாக்கியம், திரும்ப ஒரு தடவை வார்த்தை. ஒரு எழுத்து மட்டும் தப்பா இருந்தா பாதி மார்க் குடுங்க, "விடுமுரை"னு எழுதினவனும் வெறும் கோடு போட்டு விட்டவனும் ஒண்ணு இல்லயே.

திருத்துற வேலைக்கு வருவோம். கட்ட பிரிச்சதும் முதல் அஞ்சு பேப்பர பேனா இல்லாம படிங்க. என்ன ரேஞ்சுல எழுதியிருக்காங்கனு ஒரு அளவு கிடைக்கும். பேனா கைல இருந்தா கண்ணு தப்பத்தான் தேடும், கருத்து உள்ள போகாது. அப்புறம் ஒவ்வொரு பேப்பரையும் ரெண்டு ஓட்டமா, முதல் ஓட்டத்துல கருத்துக்கு மார்க் போட்டு மேல எழுதிடுங்க, ரெண்டாவது ஓட்டத்துல எழுத்து. சரியான வார்த்தைய நீங்களே மேல எழுதிக் குடுக்காதீங்க, பிள்ளை அத பாக்கவே பாக்காது, மார்க்க பாத்துட்டு நோட்ட மூடிடும். வார்த்தைக்கு வட்டம், மார்ஜின்ல வகைக்கு ஒரு எழுத்து, ற, ண, ள, ஒ, நெ அப்படி. என்ன தப்புனு அவனே கண்டுபிடிச்சு பக்கத்துல எழுதி மறுநாள் காட்டணும், சரியா கண்டுபிடிச்சுட்டா போன மார்க்ல பாதி திரும்பக் குடுங்க. இது நடந்தா போதும், மார்க்குக்காகவாவது அகராதிய புரட்டுவாங்க.

தப்பான வார்த்தைய பத்து தடவை எழுதிட்டு வாங்கற பழக்கத்த தயவுசெஞ்சு விடுங்க. பிள்ளைங்க அத எப்படி எழுதுதுனு ஒரு நாள் பக்கத்துல நின்னு பாருங்க, முதல்ல மேல இருந்து கீழ பத்து "வி", அப்புறம் பத்து "டு", அப்புறம் பத்து "மு", அப்புறம் பத்து "றை". வார்த்தையா அது கண்ணுல ஒரு தடவை கூட படல. அதுக்குப் பதிலா அந்த வார்த்தைய வச்சு மூணு வேற வேற வாக்கியம் எழுதச் சொல்லுங்க, நோட்டு கடைசிப் பக்கத்துல தன்னோட பிழை வார்த்தைங்கள பிள்ளையே சேத்துக்கிட்டு வரட்டும், அடுத்த டிக்டேஷன்ல பாதி வார்த்தை அவங்கவங்க பட்டியல்ல இருந்து, பெஞ்சுல பக்கத்துல இருக்கிறவன் படிச்சுக் காட்டட்டும்.

திருத்திக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல ஒரு ரஃப் தாள் வச்சுக்குங்க, வகைக்கு ஒரு கட்டம், ஒரு பேப்பர்ல அந்த வகைல கழிக்கிற அளவுக்கு வந்தா ஒரு கோடு. கட்டு முடிஞ்சதும் பாத்தா கிளாஸ்ல பாதிக்கு மேல ஒரே வகைல விழுந்திருக்கும். அப்படி விழுந்துச்சுனா அது நடத்துனதுல ஏதோ குறை, அந்த வகைக்கு மட்டும் யாருக்கும் இந்தத் தடவை மார்க் கழிக்காம அடுத்த வாரம் அதையே பாடமா எடுத்துட்டு, அடுத்த கட்டுரைல கழிங்கனு தைரியமா சொல்வேன். சில பேருக்கு இது பிடிக்காது, மார்க்க அள்ளி விடுறீங்கனு சொல்வாங்க, சொல்லட்டும்.

போன்ல டைப் பண்ணி அனுப்புற வீட்டுப்பாடத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. அங்க கீபோர்டே வார்த்தைய எடுத்துக் குடுக்குது, சரியா வந்தாலும் அவனுக்குத் தெரிஞ்சதுதானானு சொல்ல முடியாது, தப்பா வந்தாலும் அவன் தப்பானு சொல்ல முடியாது. டைப் பண்ணதுக்கு எழுத்து மார்க்கே வைக்காதீங்க, வேணும்னா அனுப்புறதுக்கு முன்னாடி வாணி, நாவினு நெட்ல இருக்கிற பிழைதிருத்திகள்ல, வாணில எழுத்துப்பிழையும் நாவில சந்தியும் ஒரு தடவை பாத்துட்டு, அது காட்டினதுல எத ஏத்துக்கிட்ட எத விட்டனு ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க, பெரிய கிளாஸ் பிள்ளைங்களுக்கு நல்ல பயிற்சி.

கடைசியா, அறிவியல் சமூக அறிவியல் எடுக்கிறவங்க வந்து கேப்பாங்க, நாங்க எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கலாமானு. பொதுவா வேணாம்னுதான் சொல்வேன், "ஆங்கிலேயர் வனிகம் செய்ய வந்தனர்"னு எழுதினவனுக்கு வரலாறு தெரியும். ஆனா கலைச்சொல்லுல விடக்கூடாது, ஒளினா வெளிச்சம் ஒலினா சத்தம், இயற்பியல்ல ரெண்டுக்கும் தனித்தனி பாடமே இருக்கு, "ஒலிச்சேர்க்கை"னு எழுதினா அங்க கழிக்கணும். அந்த மாதிரி பாடத்துக்கு ஒரு பத்து வார்த்தைய வருஷ ஆரம்பத்துலயே எழுதிப்போட்டு, இந்த பத்துல தப்பு வந்தா மட்டும் அரை மார்க் போகும்னு முன்கூட்டியே பிள்ளைங்ககிட்ட சொல்லிடச் சொல்லுங்க.